இரண்டாவது பந்து காத்திருக்கிறது!

('புதிதாகக் கற்க வயது ஒரு தடையா?' எனும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், சிம்பாங் அம்பாட்டில் வசிக்கும் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை வாசகர்களுக்காக இங்கே இடம்பெறுகிறது.)



எனக்கு முன் பேசியவர்கள் கல்வி, தொழில், கணினி என்று கனமான விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டதும் கனமானதுதான். அதிகபட்சமாக 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. ஆம், போலிங் பந்து!

'இவ்வளவு பெரிய தலைப்புக்கு ஒரு விளையாட்டா?' என்று சிலர் நினைக்கலாம். ஒரு புதியவர் போலிங் பழகும்போது என்னென்ன நடக்கிறது என்று பார்த்தாலே, இந்தத் தலைப்புக்கான பதிலில் பாதி கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத் தமிழ்நாட்டு இளைஞர்கள் இருவரைத் துணைக்கு அழைக்கப் போகிறேன்.

கண்ணாடிக்கு வெளியே நிற்கிறோம்

நான் குடியிருப்பது பினாங்கின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறையில் உள்ள சிம்பாங் அம்பாட். மலாய்மொழியில் சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி என்று பொருள். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்கத் தோட்டங்கள். முதலில் கரும்பு, பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை. நம் பாட்டன் பூட்டன்மார் வேர்வை சிந்திய மண். 2014 மார்ச்சில் இரண்டாவது பினாங்கு பாலம் திறக்கப்பட்ட பிறகு பத்து காவான் பக்கம் தொழிற்சாலைகள் பெருகின, பேரங்காடிகள் வந்தன, தாமான்கள் முளைத்தன.

இப்போது வார இறுதி என்றால் குடும்பத்தோடு பேரங்காடிக்குப் போகிறோம். தமிழ்ப்படம் பார்க்கிறோம், சாப்பிடுகிறோம், சுற்றி வருகிறோம். போலிங் மையம் உள்ள பேரங்காடியாக இருந்தால் கண்ணாடிக்கு வெளியே நின்று சற்று நேரம் வேடிக்கை பார்க்கிறோம். "அப்பா, நாமும் விளையாடலாமா?" என்று பிள்ளை கேட்கும். நாம் என்ன சொல்கிறோம்? "நமக்கு அதெல்லாம் தெரியாதுப்பா, வா போகலாம்!"

ஒன்று தெரியாது என்றால், அதைக் கற்றுக்கொள்ளலாம் என்றுதானே பொருள்? நாமோ, 'தெரியாது, ஆகவே வேண்டாம்' என்று முடித்துவிடுகிறோம். பணம் ஒரு காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பல நேரங்களில் உண்மையான காரணம் வேறு. நான்கு பேர் பார்ப்பார்களே, பந்து கோணலாகப் போனால் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான் அது.

அந்தக் கூச்சத்தைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துவிட்டு, என்னோடு உள்ளே வாருங்கள்.

பத்துக் கட்டை, அறுபது அடி

டென்பின் போலிங் என்பது மிக எளிய விளையாட்டு. பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிறுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், ஒன்றரைக் கிலோ அளவில் எடை. நாம் நிற்கும் கோட்டிலிருந்து முதல் கட்டை 60 அடி தூரத்தில் இருக்கும். பந்து உருண்டோடும் லேன் 39 பலகை அகலம். அகலமான பாதை என்று நினைத்துவிடாதீர்கள், மூன்றரை அடிக்கும் சற்றுக் குறைவுதான். இரண்டு ஓரங்களிலும் பள்ளம். ஆங்கிலத்தில் அதைக் கட்டர் என்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், லோங்காங்!

முதன்முறை உருட்டுகிறவரின் பந்து பெரும்பாலும் அந்த லோங்காங்கைத்தான் தேடிப் போகும். யாராக இருந்தாலும் அப்படித்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டுக்கு 1895இல் நியூயார்க்கில் பொதுவான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1978 பாங்காக்கில் அறிமுகமானது. மலேசியர்களாகிய நாம் இதில் சாதாரணமானவர்கள் அல்லர். ஆண்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பல முறை வென்ற ஷாலின் சுல்கிஃப்லி நம் நாட்டவர். 2006இல் தோஹா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற எஸ்தர் சியா நம் நாட்டவர். அவருடைய தந்தை ஹாலோவே சியாவும் தேசிய ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்தவர். 2018இல் ஹாங்காங்கில் உலக வாகை சூடிய ரஃபிக் இஸ்மாயிலும் நம் நாட்டவரே. இந்த விளையாட்டை நாட்டில் வளர்த்த மலேசிய டென்பின் போலிங் காங்கிரசுக்குப் பல்லாண்டு தலைமையேற்றவர் டத்தோ டாக்டர் பி.எஸ்.நாதன், நம் இந்திய சமூகத்தைச் சேர்ந்தவர்.

ஆக, 'இது நமக்கான விளையாட்டு இல்லை' என்று சொல்ல நியாயமே இல்லை.

புதியவருக்கு நான்கு பாடம்

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் போலிங் பழகத் தொடங்கினேன். பயிற்றுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் அடிப்படைகளை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். நாளைக்கே போய் முயன்று பார்க்கலாம்.

முதல் பாடம், காலணியும் பந்தும். போலிங் காலணியை வாடகைக்குத் தருவார்கள். அதன் அடிப்பாகம் வழுக்கும்படி இருக்கும். கடைசி அடியில் கால் மெல்லச் சறுக்கி நிற்பதற்காகவே அந்த ஏற்பாடு. பந்து உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். புதியவர் அதைவிட இலேசானதை எடுத்தாலும் தவறில்லை. கட்டை விரலும், நடுவிரலும், மோதிர விரலும் துளைகளுக்குள் இறுக்கமில்லாமல் போய்வர வேண்டும். பந்தைப் பிடித்து நெரிக்க வேண்டியிருந்தால் அந்தப் பந்து உங்களுக்கானது அன்று. முதுகுவலி, தோள்வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவது நல்லது.

இரண்டாவது பாடம், பலத்தைக் காட்டாதீர்கள். புதியவர்களில், குறிப்பாக நம் இளைஞர்களில் பலர், பந்தை வீசி எறியப் பார்ப்பார்கள். பந்தை எறியக் கூடாது, ஊஞ்சல்போல் ஆட விட வேண்டும். கை முன்னே போகும், கீழே இறங்கும், பின்னே ஏறும், தானாகத் திரும்பி வரும். அந்த ஆட்டத்தோடு நான்கு அடி நடக்க வேண்டும். வலக்கைக்காரர் நான்காவது அடியில் இடக்காலைச் சறுக்கி நிறுத்தி, கணுக்காலுக்கு அருகில் பந்தைத் தரையில் இறக்கிவிடுவார். வேலையைப் பந்தின் எடையே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது பாடம், கட்டையைப் பார்க்காதீர்கள்! ஆச்சரியமாக இருக்கிறதா? லேனில் நமக்கு ஏறத்தாழ 15 அடி தூரத்தில் ஏழு அம்புக்குறிகள் வரையப்பட்டிருக்கும். 60 அடிக்கு அப்பால் இருக்கும் கட்டையைவிட, 15 அடியில் இருக்கும் அம்புக்குறியைக் குறிவைப்பது எளிது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அம்புக்குறி இருக்கும் இடத்தில் பந்து ஓர் அங்குலம் விலகினால், கட்டை இருக்கும் இடத்தில் அது நான்கு அங்குலமாகப் பெருகிவிடும். பக்கத்தில் இருப்பதைச் சரியாகச் செய்தால் தூரத்தில் இருப்பது தானாக அமையும். தோட்டத்தில் கோலி விளையாடி வளர்ந்த பெரியவர்களுக்குக் குறிவைப்பது புதிதல்ல. கண்ணும் கையும் ஒன்றுசேர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த பாடம்தான்.

நான்காவது பாடம், எல்லாக் கட்டையையும் நீங்களே அடித்து வீழ்த்த வேண்டும் என்று நினைக்காதீர்கள். வலக்கைக்காரர் ஒருவர் மிகச் சரியாக உருட்டிப் பத்தையும் வீழ்த்தும்போது, பந்து நேரடியாகத் தொடுவது நான்கே நான்கு கட்டைகளைத்தான். மற்ற ஆறும் சக கட்டைகள் மோதி விழுகின்றன. முதல் கட்டைக்கும் அதன் பின்னால் வலப்பக்கம் இருக்கும் மூன்றாவது கட்டைக்கும் நடுவே பந்து நுழைய வேண்டும். அந்த இடம் பிடிபட்டுவிட்டால் மீதியைக் கட்டைகளே பார்த்துக்கொள்ளும்.

நூறு புள்ளி எங்கே ஒளிந்திருக்கிறது?

இனிதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி.

ஓர் ஆட்டத்தில் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பத்துக் கட்டை. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் அது ஸ்டிரைக். எல்லாரும் கைதட்டுவார்கள், திரையில் வண்ண வண்ணமாகப் படம் ஓடும். விழாவிட்டால் என்ன? விதிமுறையே இரண்டாவது பந்தைக் கொடுக்கிறது. அந்த இரண்டாவது பந்தில் மீதிக் கட்டைகளை வீழ்த்திவிட்டால் அதற்குப் பெயர் ஸ்பேர். ஸ்பேர் எடுத்தவருக்குப் பத்துப் புள்ளியோடு, அடுத்து உருட்டும் பந்தில் விழும் கட்டைகளும் சேர்த்துக் கணக்கிடப்படும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வீட்டில் இருப்பவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம்.

இருவர் விளையாடுகிறார்கள். இருவருமே ஒவ்வொரு சுற்றிலும் முதல் பந்தில் ஒன்பது கட்டையை வீழ்த்துகிறார்கள். திறமையில் இருவரும் சமம். முதலாமவர், 'ஸ்டிரைக் வரவில்லையே' என்று சலித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் ஒரு கட்டையைக் கவனமில்லாமல் உருட்டித் தவறவிடுகிறார். பத்துச் சுற்று முடிவில் அவருக்குக் கிடைப்பது 90 புள்ளி. இரண்டாமவர் அந்த ஒற்றைக் கட்டையை ஒவ்வொரு முறையும் நிதானமாக வீழ்த்துகிறார். பத்தாவது சுற்றில் ஸ்பேர் எடுத்ததற்காகக் கிடைக்கும் கூடுதல் பந்திலும் ஒன்பது கட்டை. அவருக்குக் கிடைப்பது 190 புள்ளி!

முதல் பந்து இருவருக்கும் ஒன்றே. வித்தியாசமோ நூறு புள்ளி. முதல் பந்தில் எட்டுக் கட்டை என்றால் 80க்கும் 180க்கும் உள்ள வித்தியாசம். ஏழு என்றால் 70க்கும் 170க்கும். எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்த நூறு மாறாது. அந்த நூறும் இரண்டாவது பந்துக்குள் ஒளிந்திருக்கிறது.

புதியவர்கள் பெரும்பாலும் ஸ்டிரைக் எடுக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். பயிற்றுநர்களோ, "ஸ்பேரை முதலில் கற்றுக்கொள்" என்கிறார்கள். அதற்கு ஒரு சுலபமான வழியும் உண்டு. கட்டை இடது ஓரத்தில் மிஞ்சினால் நீங்கள் வலப்பக்கம் நகர்ந்து நில்லுங்கள். வலது ஓரத்தில் மிஞ்சினால் இடப்பக்கம் நகருங்கள். லேனைக் குறுக்காகக் கடக்கும்படி உருட்டினால் பந்துக்கு இடம் அதிகமாகக் கிடைக்கும். முதல் பந்துக்கு நின்ற இடத்திலேயே நின்று மீண்டும் அதேபோல் உருட்டினால் பந்து முன்பு போன வழியில்தான் போகும். இரண்டாவது பந்துக்கு, நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

கட்டடக் கலைஞர் வீசிய பந்து

ஆங்கிலத்தில் இந்த விளையாட்டுக்கும் போலிங் என்றுதான் பெயர், கிரிக்கெட்டில் பந்துவீசுவதற்கும் போலிங் என்றுதான் பெயர். தூரம்கூட ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே 60 அடி, அங்கே விக்கெட்டுக்கு விக்கெட் 22 கெஜம், அதாவது 66 அடி. அந்த 66 அடியில் இரண்டாவது பந்தை எடுத்துப் பார்த்த இருவரைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

வருண் சக்கரவர்த்தியை ஐ.பி.எல். பார்க்கும் நேயர்கள் அறிவீர்கள். 1991இல் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் அவர் பந்துவீச்சாளரே அல்லர், விக்கெட் காப்பாளர். அணிகளில் இடம் கிடைக்கவில்லை. 17 வயதோடு கிரிக்கெட்டை விட்டார். சென்னையில் கட்டடக்கலை படித்தார், கட்டடக் கலைஞராக வேலை பார்த்தார். இடையில் 2014இல் வெளிவந்த 'ஜீவா' எனும் கிரிக்கெட் படத்தில் சிறு வேடத்தில் தலைகாட்டினார். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

வயது இருபத்தைந்தை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டு மீண்டும் மைதானத்துக்கு வந்தார். முதலில் வேகப்பந்து வீசினார். முழங்காலில் அடிபட்டது. சரி, நிற்கும் இடத்தை மாற்றுவோம் என்று சுழற்பந்துக்கு மாறினார். டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் பழகிய விரல் வித்தைகளைக் கொண்டு, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையாளர் கண்டுபிடிக்க முடியாதபடி வீசக் கற்றார். சென்னையில் நான்காம் டிவிஷன் ஆட்டங்களில் விளையாடினார். 2018இல் டி.என்.பி.எல். கோப்பையை வென்ற மதுரை அணியில் இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது சினிமாக் கதை. நடந்ததைக் கேளுங்கள். 2019இல் ஐ.பி.எல்.லில் அவர் வீசிய முதல் ஓவரில் எதிரணி 25 ஓட்டங்களைக் குவித்தது. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம். பஞ்சாப் விடுவித்துவிட்டது. கொல்கத்தா எடுத்துக்கொண்டது. 2020இல் 17 விக்கெட் வீழ்த்தினார். 2021இல் இந்திய அணிக்குள் நுழைந்து, அதே ஆண்டு டி20 உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களில் ஆடி, ஒரு விக்கெட்கூட எடுக்காமல் திரும்பினார். பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இந்திய அணியில் இடமில்லை.

2024 அக்டோபரில் மீண்டும் அழைப்பு வந்தது. 2025 பிப்ரவரியில், 33 வயதில், முதல் ஒருநாள் ஆட்டம். அடுத்த மாதமே சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக துபாயில் 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். மார்ச் 9ஆம் தேதி இந்தியா கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். 17 வயதில் கிரிக்கெட்டை விட்டவர், 33 வயதில் கோப்பையைத் தொட்டார்.

சின்னப்பம்பட்டியின் யார்க்கர்

இன்னொருவர் தங்கராசு நடராஜன். சேலம் மாவட்டம், சின்னப்பம்பட்டி. தந்தை தறித் தொழிலாளி, தாயார் சாலையோரக் கடை நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். இருபது வயதுவரை அவர் வீசியது டென்னிஸ் பந்துதான். உண்மையான கிரிக்கெட் பந்தைக் கையில் எடுத்துப் பழகியதே அதற்குப் பிறகு.

2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். ஆனால் அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது. பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. பழகிய முறையே தவறென்று சொல்லிவிட்டால், அதுவரை கற்றது அத்தனையையும் தூக்கி வைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல் மீண்டும் தொடங்க வேண்டும். நடராஜன் தொடங்கினார். கையின் அசைவை மாற்றிப் பழகினார். திரும்பி வந்தார்.

2020இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இந்தியக் குழுவுக்கு முதலில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத்தான் தேர்வானார். மற்றவர்களுக்குக் காயம் ஏற்பட, ஒவ்வொரு கதவாகத் திறந்தது. டிசம்பரில் ஒருநாள் ஆட்டம், பிறகு டி20, 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

பந்தைத் திருப்பி அனுப்பியது யார்?

இந்த இருவர் கதையையும் கேட்டுவிட்டு, 'விடாமுயற்சி இருந்தால் போதும்' என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். நான் அங்கே நிறுத்த விரும்பவில்லை. ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

போலிங் மையத்தில் நாம் உருட்டிய பந்து லேனின் மறுமுனையில் மறைந்துவிடுகிறது. சற்று நேரத்தில் நம் அருகிலேயே வந்து நிற்கிறது. அது எப்படி வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. லேனுக்கு அடியில் ஓடி வந்து மேலேறுகிறது. இன்று அதை இயந்திரம் செய்கிறது. கட்டைகளைத் தானாக நிறுத்தும் இயந்திரம் அமெரிக்காவில் 1946இல்தான் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் லேனின் கோடியில் சிறுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விழுந்த கட்டைகளை அகற்றுவதும், பந்தை எடுத்துத் திருப்பி அனுப்புவதும், கட்டைகளை மீண்டும் நிறுத்துவதும் அவர்கள் வேலை. அவர்கள் இல்லையென்றால் ஆட்டக்காரருக்கு இரண்டாவது பந்தே கிடையாது.

நடராஜனுக்கு அப்படிப் பந்தைத் திருப்பி அனுப்பியவர் ஒருவர் உண்டு. அவருடைய ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்து வழிகாட்டியவர். அந்த நன்றியை மறவாத நடராஜன் 'ஜே.பி.' என்ற எழுத்துகளைக் கையில் பச்சை குத்தியிருக்கிறார். அதோடு நிற்காமல், சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானத்தை அமைத்து 2023இல் திறந்தார். தனக்கு வந்த பந்தை அடுத்தவருக்கு உருட்டிவிட்டார். வருணுக்கோ, பஞ்சாப் விடுவித்த பிறகு கொல்கத்தா அணி அந்தப் பந்தைத் திருப்பி அனுப்பியது.

நம் வீடுகளில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? இதுதான் என் கேள்வி.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானது. பி.டி.3 தேர்வு 2022இல் ரத்தானது. இவை இரண்டும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். தான் முதல் பெரிய தேர்வு, முதல் பந்து. அது லோங்காங்கில் போய்விட்டால் வீட்டில் என்ன நடக்கிறது? "அவ்வளவுதான், இவன் தேறமாட்டான்" என்று ஒரு மாமா சொல்வார். "எதிர்வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று ஓர் அத்தை சொல்வார். பதினேழு வயதில் ஸ்கோர் பலகையை அணைத்துவிடுகிறோம்.

விதிமுறையோ அப்படிச் சொல்லவில்லை. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். இவற்றில் தவறினால் மீண்டும் எழுத வாய்ப்பு இருக்கிறது. சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன, தொழில்திறன் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. வேலைக்குப் போய்விட்டவர்களின் பணி அனுபவத்தையே தகுதியாக ஏற்றுக்கொண்டு உயர்கல்விக்குள் சேர்க்கும் ஏப்பல் என்ற ஏற்பாடும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. பந்து இருக்கிறது. ஆனால் பாரம் வாங்கித் தருவதற்கும், கூடப் போவதற்கும், "வா தம்பி, அடுத்த பந்தைப் போடு" என்று சொல்வதற்கும் ஒரு மனிதர் வேண்டும். போலிங் மையத்தில் இயந்திரம் செய்வதை, வீட்டில் நாம்தான் செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. கார் ஓட்டக் கற்க நினைக்கும் அக்காவுக்கும், கணினி பழக ஆசைப்படும் அப்பாவுக்கும், பணி ஓய்வுக்குப் பிறகு வீணை தொட நினைக்கும் பாட்டிக்கும் இதே நிலைதான். "இந்த வயதில் எதற்கு?" என்ற ஒரே கேள்வியில் பந்தைப் பிடுங்கி வைத்துவிடுகிறோம்.

ஐம்பதில் வளையுமா?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று எதிர்த்தரப்பில் பேசிய ஐயா கேட்டார். அந்தப் பழமொழியில் உண்மை இல்லாமல் இல்லை. ஐம்பது வயதில் தொடங்குகிறவர் ஒலிம்பிக்கில் ஓட முடியாது. முப்பதில் போலிங் பழகுகிற நான் தேசிய அணிக்குப் போகப் போவதும் இல்லை. எல்லாரும் வருண் சக்கரவர்த்தி ஆகிவிடலாம் என்று ஆசை காட்டுவது ஏமாற்றுவேலை.

ஆனால் ஒரு செய்தி சொல்கிறேன் ஐயா. அனைத்துலகப் போலிங்கில் மூத்தோர் பிரிவு என்று ஒன்று உண்டு. அது தொடங்கும் வயது எது தெரியுமா? ஐம்பது! நீங்கள் முடிந்தது என்று சொல்லும் வயதில் அவர்கள் ஒரு தனிப் போட்டியே தொடங்குகிறார்கள்.

ஆகவே நேயர்களே, இரண்டு வேண்டுகோள்களோடு என் உரையை நிறைவு செய்கிறேன்.

ஒன்று, அடுத்த முறை பேரங்காடியில் பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று கேட்டால், ஒரே ஓர் ஆட்டம் விளையாடிப் பாருங்கள். கட்டணம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். வேலை நாள் பகல் வேளைகளில் பல இடங்களில் குறைவாக இருக்கும். விசாரித்துவிட்டுப் போங்கள். அப்பா உருட்டும் பந்து லோங்காங்கில் போவதையும், அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த பந்தை எடுப்பதையும் பிள்ளை பார்க்கட்டும். பத்து டியூஷன் வகுப்பில் கிடைக்காத பாடம் அது.

இரண்டு, உங்கள் வீட்டிலோ, உங்கள் தாமானிலோ, முதல் பந்தைத் தவறவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். இந்த வாரமே அவரிடம் போய்ப் பேசுங்கள். "ஏன் தவறியது?" என்று கேட்க ஏற்கெனவே பல பேர் இருக்கிறார்கள். நீங்கள், "அடுத்து என்ன செய்யலாம், நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள்.